இல்லம் தேடிச் சென்ற கல்வி

பள்ளிக்குச் சென்றே கல்வி பெறுதல் நம் வழக்கம். பள்ளியே மூடிக் கிடந்தால் சிறுவர் யாது செய்வர்? 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் தமிழகத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரை பயிலும் சிறுவர், ஏறத்தாழ 19 திங்கள் கழித்து, 2021 நவம்பர் முதல் நாளன்றே மீண்டும் பள்ளிப் படி ஏறினர். கற்ற பெற்றோர் உள்ள இல்லங்களில் தாயோ தந்தையோ ஆசிரியராயினர். பகலெல்லாம் கூலிக்கு உழைப்போர் இல்லங்களிலோ, பிள்ளைகள் அறிந்த எழுத்தையும் மறக்கலாயினர்.

இக்குறையை நீக்க எழுந்ததே ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம். திண்டிவனத்திற்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில், 2021 அக்டோபர் 27ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அதனைத் தொடங்கி வைத்தார். அந்தந்த ஊரில் வாழும் கற்றோர் தன்னார்வலராய் முன்வந்தனர். அவர்களுள் பெண்களே மிகுதி. மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே, ஏறக்குறைய 20 பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டி, கதை, பாடல், விளையாட்டு ஆகியவற்றின் வாயிலாக எழுத்தும் எண்ணும் கற்பித்தனர்.

தம் பிள்ளைக்குக் கற்பித்தல் பெற்றோர் கடன். அதற்கு இயலாத வீட்டுப் பிள்ளைக்கும் கற்பித்தல் கற்றோர் அனைவரின் கடனாகும்.