துணைக்கு யாரு வர்றா? – தனியே பயணம் செய்யப் பழகுவோம்



குழுவில் சேர்ந்த பிறகு நாம் எவ்வளவோ கற்றுக்கொண்டோம். கையெழுத்துப் போடுகிறோம், வரவு செலவு நோட்டு எழுதுகிறோம், வங்கி மேனேஜரிடம் நேருக்கு நேர் பேசுகிறோம். ஆனால் மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி என்று தகவல் வந்தால் முதலில் வாயில் வருவது என்ன? "துணைக்கு யாரு வர்றா?" துணை கிடைத்தால் போகிறோம். கிடைக்காவிட்டால் அந்தப் பயிற்சி நம் குழுவுக்கு இல்லாமலே போய்விடுகிறது. அதனால் இந்த மாதம் தனியே பயணம் செய்யப் பழகுவது பற்றிப் படிப்போம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வீட்டுக்காரர் துணைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஒருநாள் கூலி 600 ரூபாய். போக வர பஸ் கட்டணம் 80 ரூபாய். ஆக, நம்மைக் கூட்டிப்போய்க் கூட்டிவர 680 ரூபாய் போச்சு. இதில் சாப்பாட்டுச் செலவைச் சேர்க்கவில்லை. அவருக்கு வேலை இருந்தால் நம் வேலை நிற்கும் என்பதையும் கணக்கில் எழுதவில்லை.

பயம் எங்கிருந்து வருது?

"வழி தெரியாதே", "கடைசி பஸ் போயிட்டா என்ன பண்றது?" என்று பயப்படுகிறோம். யோசித்தால், இதில் பாதி தகவல் தெரியாததால் வரும் பயம். சின்ன வயசில் அப்பா, பிறகு அண்ணன், வீட்டுக்காரர், இப்போது மகன். டிக்கெட் எடுப்பதும் வழி கேட்பதும் அவர்கள். நாம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறோம். பத்துத் தடவை போன ஊரும் நமக்கு வழி தெரியாத ஊராக இருப்பது அதனால்தான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். ஆனாலும் தண்ணீர் கொண்டு வரவும் சந்தைக்குப் போகவும் யாருக்கும் காத்திருக்க வேண்டாம் என்று ஆனதும் அந்தக் கேலி நிலைக்கவில்லை. சைக்கிளில் ஏறியவுடனே யாருக்கும் ஓட்ட வராது. தனிப் பயணமும் அப்படித்தான். படிப்படியாகப் பழக வேண்டும்.

நான்கு படிகள்

முதல் படி: பக்கத்து ஊர்ச் சந்தைக்கோ வங்கிக்கோ தனியாகப் போய் வாருங்கள். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்தது. எக்ஸ்பிரஸ் வண்டிக்கு இது பொருந்தாது. ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டவுனுக்குத் துணையோடு போங்கள். ஆனால் துணைக்கு வருபவர் வாய் திறக்கக் கூடாது! டிக்கெட் எடுப்பது, வழி கேட்பது, இறங்கும் இடம் பார்ப்பது எல்லாம் நீங்கள்தான்.

மூன்றாம் படி: ஒரு வேலையாக மாவட்டத் தலைநகருக்குத் தனியே போய் வாருங்கள். பெரிய ஊர்களில் எந்த பஸ் ஸ்டாண்டு என்று முன்பே கேட்டுக்கொள்வது முக்கியம். மதுரையில் திண்டுக்கல், தேனி பக்கத்து பஸ் ஆரப்பாளையத்தில் நிற்கும். திருச்சி, திருநெல்வேலி பக்கத்து பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கும். இது தெரிந்தாலே பாதி அலைச்சல் மிச்சம்.

நான்காம் படி: வேலை எதுவும் இல்லாமல், பார்ப்பதற்காகவே ஒரு பயணம். "அது எதுக்கு, காசுக்குப் பிடிச்ச கேடு?" என்று கேட்கத் தோன்றும். ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் மட்டுமே போய்ப் பழகிய நமக்கு, பயணம் என்றாலே கவலை என்று மனசில் பதிந்திருக்கிறது. அதை மாற்றத்தான் இந்தப் படி.

மதுரைக்கே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். தமுக்கம் பக்கத்தில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. காந்தியடிகள் 1948-இல் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டடம் ராணி மங்கம்மாள் அரண்மனை. வழிப்போக்கர்களுக்குச் சாலையும் சத்திரமும் அமைத்தவர் என்று இன்றும் பேர் சொல்லும் ராணி அவர். "சீக்கிரம் வா" என்று கூப்பிட ஆள் இல்லாததால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். பசித்தால் பிள்ளைக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, நமக்குப் பிடித்ததை வாங்கிச் சாப்பிடுங்கள். எத்தனை வருஷமாச்சு அப்படிச் சாப்பிட்டு!

புறப்படும் முன்

• போகும் இடம், திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவரிடமும் குழுவில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.
• பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். சில்லறை தனியாக இருக்கட்டும்.
• போன் நம்பர்களைத் துண்டுச் சீட்டிலும் எழுதி வையுங்கள். போன் அணைந்துவிட்டால் உதவும்.
• இறங்கியதும் முதல் வேலை, ஊருக்குத் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பது. கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தின பஸ்ஸைக் குறி வையுங்கள்.
• வழியை ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். கடைக்காரர், கண்டக்டர், போலீஸ்காரர் என இரண்டு பேரிடம் கேளுங்கள்.
• கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். வெயிலில் மயக்கம் வரும், நீர்க்கடுப்பு வரும். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கழிப்பறை எங்கே என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

தொந்தரவு வந்தால்

பஸ்ஸில் யாராவது உரசினால் ஒதுங்கி ஒதுங்கி நிற்காமல், "தள்ளி நில்லுய்யா!" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுங்கள். கண்டக்டரைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட வேண்டியது தப்புச் செய்தவன்தான். ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. அதில் ஆண்கள் ஏறுவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். மனப்பாடம் செய்ய மூன்று எண்கள்: பெண்கள் உதவிக்கு 181, அவசர உதவிக்கு 112, ரயில் பயணத்தில் 139.

வீட்டில் எப்படிச் சொல்வது?

"நான் தனியாப் போறேன்" என்று திடீரென்று சொன்னால் வீட்டில் சண்டைதான் வரும். முதல் படியைச் செய்து காட்டிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். மாமியாரிடம் போன் செய்து, "அத்தை, நான் வந்து சேர்ந்துட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அடுத்த முறை அவரே வழியனுப்புவார். மகளையும் இரண்டாம் படியில் கூட்டிப்போய்ப் பழக்குங்கள். நாளைக்கு அவள் கல்லூரிக்குப் போகத் துணை தேட வேண்டாம்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. துணை இல்லாததால் நாம் போகாமல் விட்ட பயிற்சி, சிகிச்சை, விசேஷம் எவை?
2. நம்மில் யார் எந்தப் படியில் இருக்கிறோம்?
3. நம் ஊருக்கு வரும் பஸ்களின் நேரத்தை எழுதி, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டும் பொறுப்பு யாருக்கு?

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொருவரும் ஒரு படி ஏற வேண்டும் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். போய் வந்தவர் வழியில் பார்த்ததைக் கூட்டத்தில் சொல்லட்டும். கேட்பவருக்கும் புறப்படும் ஆசை வரும்.