கரப்பானை ஒழிப்போம், வளர்க்கும் பிராணியைக் காப்போம்



கரப்பான் பூச்சியின் தொல்லையை அறியாதவர் நம்மில் ஒருவரும் இரார். அரிசி மூட்டை, மிட்டாய் ஜாடி, அலமாரி, அடுப்படி என்று அது புகாத இடமில்லை. உண்ணும் பொருளைக் கெடுப்பதோடு, அதன் கழிவும் உதிர்ந்த தோலும் சில பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவைக் கிளப்பி விடுகின்றன. ஆகவே அதை ஒழித்தே தீர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒழிக்கும் முறை தவறினால் என்ன நேரும் என்பதற்கு, என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்லி விடுகிறேன்.

2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமம் பெற்றுப் பூனை வளர்க்கலாம் என்று ஆனதல்லவா? அதன் பின் எங்கள் மகளின் ஆசைக்காக ஒரு பூனை வளர்த்தோம். அந்த நாளில் அடுப்படியில் கரப்பான் மிகுந்திருந்தது. தெரிந்தவர் ஒருவர், "இது பலமான மருந்து பாய், ஒரே நாளில் தீர்ந்து விடும்" என்று தண்ணீர் போத்தலில் ஊற்றிய ஒரு மருந்தைத் தந்தார். போத்தலில் லேபிள் இல்லை, அளவும் இல்லை. நான் கண் மதிப்பாகக் கலந்து, இரவில் தரையெல்லாம் நனைய அடித்து விட்டுப் படுத்தேன்.

காலையில் பூனைக்கு உடம்பெல்லாம் நடுக்கம், வாயில் நுரை, பிறகு வலிப்பு. மிருக வைத்தியரிடம் ஓடினோம். "என்ன மருந்து அடித்தீர்கள்?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் தம்மால் இயன்றதைச் செய்தார், எனினும் மூன்றாம் நாள் பூனை இறந்தது. மூன்றாம் வாரம் கரப்பான் திரும்பி வந்தது.

"அத்தா, டாக்டர் கேட்டாரே, ஏன் ஒன்றும் சொல்லவில்லை?" என்று மகள் ஒரே ஒரு முறை கேட்டாள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை மத்ரஸாவில் ஓதியவன் நான். அன்று தலை குனிந்து நின்றேன். அதன் பிறகு வைத்தியரிடமும் விஷயம் தெரிந்தவர்களிடமும் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை, மற்றவர் வீட்டில் அவ்வாறு நேராதிருக்கும் பொருட்டு இங்கே தருகிறேன்.

எதிரி யார்?

நம் வீடுகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. சாக்கடையிலும் குப்பை தள்ளும் குழாயிலும் வாழ்ந்து, இரவில் மேலே ஏறி வரும் பெரிய செங்கரப்பான் ஒன்று. அது ஒன்றரை அங்குலம் வரை இருக்கும். மற்றது அரை அங்குலமே உள்ள சிறிய பழுப்புக் கரப்பான். அடுப்படியை விட்டு அகலாத இந்தச் சிறியதே பெரிய சங்கடம். இதன் முட்டைப் பை ஒன்றில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும். பெண் பூச்சி அந்தப் பையைக் குஞ்சு பொரிக்கும் தறுவாய் வரை தன் உடலோடு சுமந்து, சந்துக்குள் ஒளிந்து கிடக்கும். மேலே அடிக்கும் மருந்து ஒளிந்து கிடப்பதை எட்டுவதில்லை, பைக்குள் இருக்கும் முட்டையையும் கொல்வதில்லை. என் வீட்டில் மூன்றாம் வாரம் அது திரும்பி வந்த காரணம் இதுவே.

இந்தச் சிறிய பூச்சிக்கு 1767-ல் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் ஜெர்மனியின் பெயரைச் சூட்டினார். ஆனால் அதன் பூர்வீகம் ஜெர்மனி அன்று. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் பங்கு கொண்ட ஓர் ஆராய்ச்சி 2024-ல் வெளிவந்தது. 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேகரித்து மரபணுவைச் சோதித்ததில், ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர்ப் பகுதியில் இது தோன்றியதாகக் கண்டார்கள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் இது மேற்கே பரவியதற்கு, உமையாக்கள், அப்பாஸியர் காலத்து வணிகப் போக்குவரத்தும் படைப் போக்குவரத்தும் காரணமாகலாம் என்கிறார்கள். பிறகு ஐரோப்பியக் கம்பெனிக் கப்பல்களில் ஏறி உலகெங்கும் சென்றது.

சகோதரர்களே, இதிலிருந்து வியாபாரிகளாகிய நாம் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பூச்சி வணிகனின் சரக்கோடு பயணம் செய்வது. இன்றும் அவ்வாறே. கடையில் மிஞ்சிய அட்டைப் பெட்டிகளைச் சாமான் கட்டி வைக்க வீட்டுக்குக் கொண்டு போனவன் நான்தான். பெட்டியின் மடிப்புக்குள் ஒளிந்து அதுவும் கூடவே வந்தது. என் தொழிலே என் வீட்டுக்குக் கரப்பானைக் கொண்டு வந்தது.

மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

1. சரக்கு வந்த அட்டைப் பெட்டியையும் சாக்கையும் அன்றைக்கே பிரித்து உதறி, காலியானதை அப்புறப்படுத்துங்கள். வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம். பொருள்களை இறுக மூடும் டப்பாக்களில் வையுங்கள்.

2. தண்ணீரை நிறுத்துங்கள். சிறிய கரப்பான் உணவின்றிப் பல வாரம் இருக்கும். தண்ணீரின்றி இரண்டு வாரம் தாங்குவது அரிது. இரவில் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து உலர விடுங்கள். ஒழுகும் குழாயைச் சரி செய்யுங்கள்.

3. பூனையின் தீனித் தட்டை இரவில் எடுத்துக் கழுவி விடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கலாகாது, அது தாகத்தில் வாடும். அந்தக் கிண்ணத்தை ஓர் அகன்ற தட்டில் வைத்து, தட்டில் சிறிது சோப்புத் தண்ணீர் ஊற்றினால் கரப்பான் அதைத் தாண்டி வராது.

4. சுவர் வெடிப்பு, குழாய் நுழையும் ஓட்டை ஆகியவற்றை அடையுங்கள். தரையிலுள்ள சாக்கடைத் துளைக்கு நெருக்கமான சல்லடை போடுங்கள். பெரிய கரப்பானின் வழி அதுவே.

எந்த மருந்து, எப்படி?

வீட்டில் பிராணி இருந்தால் காற்றில் அடிக்கும் மருந்தை விட, சந்தில் வைக்கும் ஜெல் மருந்தே மேல். ஊசிக் குழாயில் வரும் அதை அரிசி மணி அளவாக, கதவுக் கீல், அலமாரி மூலை, பிரிட்ஜின் பின்புறம் முதலிய, பூனையின் நாக்கும் பிள்ளையின் விரலும் எட்டாத இடங்களில் வைக்க வேண்டும். கரப்பான் அதைத் தின்று சந்துக்குள் போய்ச் சாகும். அதன் கழிவைத் தின்னும் குஞ்சுகளும் சாகும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், அடித்தால் பூச்சி ஜெல்லை அண்டாது. இரண்டு மூன்று மாதம் விடாமல் மாற்றி வைக்க வேண்டும். பலன் குறைந்தால் வேறு வகை ஜெல்லுக்கு மாறுங்கள். சர்க்கரை கலந்த மருந்தையே வெறுத்து ஒதுக்கும் கரப்பான் இனங்களும் உண்டாகியிருக்கின்றன.

ஒட்டும் அட்டையை வைத்தால் பூனைக்குட்டியின் கால் ஒட்டாதபடி, சிறு துளையிட்ட டப்பாவுக்குள் வையுங்கள்.

தவிர்க்க வேண்டியவை

பெர்மெத்ரின் என்ற மருந்து பூனைக்குக் கொடிய நஞ்சு. நாயின் உடல் அதை முறித்து வெளியேற்றி விடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி போதாது. அது ஈரமாக இருக்கும் தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கினால் ஆபத்து. நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடுவதும் இதே தவறு. இவ்வகை மருந்துகள் மீனுக்கும் மிகக் கொடியவை. தொட்டியில் காற்று செலுத்தும் பம்பு மருந்துப் புகையையும் உள்ளே இழுத்து விடும். கூண்டுப் பறவையும் புகையைத் தாங்காது.

பாச்சை உருண்டையை அலமாரியில் இறைத்து வைப்பது நம்மிடம் பழைய வழக்கம். அதை விழுங்கினால் பூனைக்கும் நாய்க்கும் இரத்தம் கெடும். ஜி6பிடி குறையுள்ள பிள்ளைகளுக்கு அதன் வாடையே கேடு. யூகலிப்டஸ் தைலம் போன்றவையும் பூனைக்கு ஆகாதவை. போரிக் பவுடரைச் சர்க்கரையோடு பிசைந்து திறந்த தட்டில் வைக்காதீர்கள். குழந்தையோ பிராணியோ தின்று விடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, லேபிள் இல்லாத மருந்தை இனாமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிவான மருந்தை மட்டும் வாங்கி, குறிப்பில் சொன்ன அளவுக்கு மேல் போடாமல், காலியாகும் வரை லேபிளைக் காப்பாற்றுங்கள். பூச்சி மருந்துக்காரரை அழைத்தால், வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லி விடுங்கள். பிராணிக்கு நடுக்கமோ வாய் நுரையோ கண்டால், கை வைத்தியம் பார்த்து வாந்தி எடுக்க வைக்காமல், மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக் கொண்டு வைத்தியரிடம் விரையுங்கள்.

நான் இவ்வாறு நடந்து மூன்று மாதத்தில் எங்கள் அடுப்படி சுத்தமாயிற்று. செலவு இரண்டு குழாய் ஜெல், சிறிது சிமெண்டு, தினமும் இரவில் பத்து நிமிடம், அவ்வளவே. இதை முன்பே செய்திருந்தால் ஓர் உயிர் போயிராது. சரக்கை நிறுத்து வாங்கும் நாம், மருந்தையும் அப்படியே அறிந்து, அளந்து உபயோகிப்போமாக!