பாஸ்தா சாலட்: ஆற வைக்கும் கலை

இத்தாலியில் கோடை உச்சத்தில் அடுப்பருகே நிற்க யாரும் விரும்புவதில்லை. ஆகஸ்ட் 15 அங்கே 'ஃபெர்ரகோஸ்தோ' என்னும் விடுமுறை நாள். கடற்கரைக்கும் மலைக்கும் டப்பாவில் கட்டிக்கொண்டு போகும் உணவுகளில் ஒன்று பாஸ்தா சாலட். நம்மவர் புளியோதரை கட்டிக்கொண்டு யாத்திரை போவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் புளியோதரைக்குப் புளியும் எண்ணெயும் காவல். இதற்கு அந்தக் காவல் கிடையாது.

எந்த வேலைக்கும் முதலில் மூலப்பொருளைச் சோதிப்பது ரயில்வே பணிமனையில் படிந்த பழக்கம். பாக்கெட்டில் 'டியூரம் கோதுமை ரவை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். உலர்ந்த பாஸ்தாவை இந்தக் கோதுமையில்தான் செய்யவேண்டும் என்று 1967இல் இத்தாலி சட்டமே இயற்றியது. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்து மாளவப் பகுதியில் இது விளைகிறது. இதன் புரதம் மாவுச்சத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் வெந்த பிறகும் குழையாது. மைதா பாஸ்தா ஆறினால் களிதான்.

நால்வருக்கு 300 கிராம் போதும். திருகு வடிவமுள்ள 'ஃபுஸில்லி' நல்லது. எண்ணெயும் சாறும் அதன் மடிப்புகளில் தங்கும். 3 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 30 கிராம் உப்புப் போட்டு, பிறகு பாஸ்தாவைப் போடவும். பாக்கெட்டில் கண்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே கடித்துப் பாருங்கள். பல்லுக்குச் சற்றே எதிர்ப்புக் காட்டவேண்டும்.

இனி ஆற வைப்பது. வடித்ததைக் குவியலாக விட்டால் நடுவில் சூடு தங்கி மேலும் வேகும். இத்தாலியர் பலர் தண்ணீரில் அலசுவதை ஒப்பமாட்டார்கள். ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுப் பிசிறி, அகலத் தட்டில் பரப்பிவிடுவார்கள். நம் ஊர் மே மாதத்தில், 40 டிகிரி சமையலறையில், அது எப்போது ஆறுவது? காய்ச்சி ஆறிய நீரில் சுத்தமான ஐஸ் போட்டு, அதில் ஒரு நிமிடம் முக்கி, சொட்டச் சொட்ட வடித்துவிடுங்கள் என்பதே என் கட்சி. பிறகு எண்ணெய் விட்டுப் பிசிறலாம்.

இந்த அவசரம் ருசிக்காக மட்டும் அல்ல. 'பாசில்லஸ் சீரியஸ்' என்னும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த சோறும் பாஸ்தாவும் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. 2008இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், ஐந்து நாள் வெளியில் இருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்ட 20 வயது மாணவர் ஒருவர் இறந்துபோனார். ஆகவே கலந்த சாலட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவேண்டாம். கோடையில் ஒரு மணியே எல்லை. பயணமானால் ஐஸ் பெட்டியில்தான்.

கலப்பது சுலபம். 400 கிராம் கெட்டித் தக்காளியை விதை நீக்கி நறுக்கி, உப்பிட்டுச் சற்று நேரம் வைத்து, நீரை வடிக்கவும். 200 கிராம் மொஸரெல்லா பாலாடைக்கட்டி, கொஞ்சம் ஆலிவ் காய், மூன்று மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள். பனீரும் போடலாம், ஆனால் அது வேறு பண்டம். மணத்துக்கு 'பாசில்' இலை. சப்ஜா விதை தரும் நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். கையால் கிள்ளிக் கடைசியில் போடவும். முன்பே போட்டால் கறுத்துவிடும்.

குளிர்ச்சியில் உப்பு மந்தமாகத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி கழித்து ருசி பார்த்து, அதன் பிறகே உப்பைக் கூட்டிப் பரிமாறுங்கள்.