ஐயமும் ஆஸ்திக்யமும்

பகவத் விஷயத்தில் ஐயம் எழுவதே பாபம் என்றோர் எண்ணம் ஆஸ்திகர் பலருடைய இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. கல்லூரியில் பயிலும் பிள்ளை, "ஈச்வரன் உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டுவிட்டால் போதும், பெரியவர்கள் செவியைப் பொத்திக்கொள்கிறார்கள். ஸம்சயம் உடையவன் நாசமடைகிறான் என்று பகவானே ஸ்ரீகீதையில் அருளிச்செய்திருக்கிறானே என்று சொல்லி அவன் வாயை அடைத்துவிடுகிறார்கள். பிள்ளை அடங்கிவிடுகிறான், ஐயம் அடங்குவதில்லை. உள்ளேயே புரையோடிப் பல ஆண்டுகளுக்குப் பின் அவனை ஸந்நிதியின் பக்கமே வரவொட்டாமல் செய்துவிடுகிறது.

பெரியவர்கள் காட்டும் அந்த வசனம் நான்காம் அத்யாயத்தில் நாற்பதாவது ச்லோகத்தில் உள்ளது. அதற்கு ஆறு ச்லோகங்கள் முன்பாகத்தான், ஞானிகளைப் பணிந்தும், அவர்களிடம் நன்கு வினவியும், தொண்டு புரிந்தும் ஞானத்தைப் பெறுக என்று பகவான் விதித்திருக்கிறான். பரிப்ரச்னம் என்னும் அந்தச் சொல்லுக்கு ஒருமுறை கேட்டு ஓய்வது பொருளன்று. பல கோணங்களிலும் நின்று வினவுவதே பொருள். ஆறாம் அத்யாயத்தில், யோகத்தில் இறங்கி நடுவழியில் தவறியவன் இருபுறமும் இழந்து அழிந்துபோவானோ என்று அர்ஜுனன் கேட்கும்போது, தன் கலக்கத்துக்கு ஸம்சயம் என்ற அதே சொல்லையே இடுகிறான். அதை அறுக்க உன்னையன்றி வேறொருவர் இல்லை என்றும் விண்ணப்பிக்கிறான். பகவான் அவனைச் சினந்துகொண்டானா? அன்பு ததும்ப விடையிறுத்தான். இறுதியில், சொன்னவற்றையெல்லாம் குறைவற ஆராய்ந்து பார்த்துவிட்டு விரும்பியபடி செய் என்று பதினெட்டாம் அத்யாயத்தில் அவன் பொறுப்பிலேயே விட்டான். எனவே நாசத்துக்கு உரியவன் கேட்பவன் அல்லன்; அறியவும் முயலாமல், கேட்கவும் மனமின்றி, ஐயத்தையே இயல்பாக்கிக்கொண்டு கிடப்பவனே.

1017-ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்த எம்பெருமானாருடைய சரிதையில் இது நன்கு விளங்கும். இளமையில் அவர் திருப்புட்குழியில் யாதவப்ரகாசரிடம் வேதாந்தம் பயின்றார். ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய்க் காப்பிட்டுக்கொண்டிருக்கையில், சாந்தோக்யத்தில் பரமபுருஷனுடைய திருக்கண்களுக்கு உவமையாக வரும் 'கப்யாஸம்' என்னும் பதத்துக்குக் குரங்கின் பின்புறம் என்று ஆசிரியர் பொருளுரைத்தார். இளையாழ்வாருடைய கண்ணீர் ஆசிரியரின் துடையில் சுடச்சுட விழுந்தது என்று குருபரம்பரை கூறும். கண்ணீரைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன்பின் நடந்ததை மறந்துவிடுகிறார்கள். இப்படிப் பேசலாமா என்று அவர் வெறுமனே முறையிட்டிருந்தால் அது உணர்ச்சியோடு நின்றிருக்கும். அவரோ தாதுவைப் பிரித்துக் காட்டினார். 'கம்' என்றால் நீர். அதைப் பருகுபவன் 'கபி', அதாவது ஆதித்யன். அவனால் அலர்த்தப்பட்ட தாமரை போன்ற திருக்கண்கள் என்று வ்யாகரணம் பிசகாமல் நிலைநாட்டினார். பக்தி நொந்தது, விடை யுக்தியாக வந்தது. ஆசிரியர் சொன்னார் என்பதற்காக அவர் எதையும் விழுங்கவில்லை.

யாதவப்ரகாசரை விட்டு நீங்கிய பின்னும் அவர் உள்ளம் தெளிந்துவிடவில்லை. காஞ்சியில் சாலைக்கிணற்றிலிருந்து தேவப்பெருமாளுக்குத் தீர்த்தம் சுமக்கும் கைங்கர்யம் ஒருபுறம். மனத்துக்குள் தீராத சில ஐயங்கள் ஒருபுறம். ஐயம் தீரட்டும், பிறகு கைங்கர்யம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் குடத்தைக் கீழே வைக்கவில்லை. கைங்கர்யம் நடக்கிறதே என்று ஐயத்தைப் புதைக்கவும் இல்லை. திருவாலவட்டக் கைங்கர்யம் புரிந்துவந்த திருக்கச்சி நம்பிகளிடம், தம் உள்ளத்தில் உள்ளவற்றுக்குப் பெருமாளிடம் விடை கேட்டருள வேண்டுமென்று ப்ரார்த்தித்தார். வந்தவை ஆறு வார்த்தைகள். தாமே பரதத்வம் என்பது முதலாவது. ஜீவனும் ஈச்வரனும் வேறு என்பதும், ப்ரபத்தியே உபாயம் என்பதும், சரீர முடிவில் மோக்ஷம் என்பதும், பெரிய நம்பியை ஆச்ரயிக்க வேண்டும் என்பதும் மற்றவற்றுள் அடங்கும்.

எஞ்சிய வார்த்தை ஒன்றை மட்டும் தனியே நோக்க வேண்டும். ப்ரபந்நனுக்கு அந்திம ஸ்ம்ருதி, அதாவது உயிர் பிரியும் வேளையில் பகவானை நினைத்தல், கட்டாயமன்று என்பது அது. ஆயுள் முழுதும் திருநாமம் சொல்லிவந்த தாயோ தந்தையோ இறுதியில் நினைவிழந்து, வாய் பேசாமல் கண்மூடிவிட்டால், 'கடைசியில் ஒரு கோவிந்தநாமம் கூட வரவில்லையே. இவர்கள் கதி என்னாகுமோ' என்று வீட்டார் மருகுவது இன்றும் உண்டு. ஆஸ்பத்திரிகளில் முடியும் இக்காலத்து மரணங்களில் இந்த ஏக்கம் மிகுந்தே இருக்கிறது. உடம்பு திடமாக இருந்தபோது தன்னை நினைத்தவன், முடிவில் கட்டையும் கல்லும் போலக் கிடக்கும் தறுவாயில் அவனைத் தானே நினைப்பதாக வராஹ சரம ச்லோகத்தில் எம்பெருமான் அருளியிருப்பதும் இதே கருத்துதான். இந்த ஆறுதல் எத்தனையோ குடும்பங்களுக்குக் கிட்டியதற்குக் காரணம் என்ன? இளையாழ்வார் தம் ஐயத்தை மறைத்துக்கொள்ளாமல் வெளியிட்டதே.

அப்படியாயின் யுக்தி ஒன்றைக் கொண்டே ஈச்வரனை நிரூபித்துவிடலாமா என்றால், தார்க்கிகர்கள் அவ்வாறே கருதினார்கள். குடத்துக்குக் குயவன் உண்டு. உலகமும் குடம்போல் ஒரு காரியம். ஆகவே அதற்கும் ஒரு கர்த்தா உண்டு என்பது அவர்களுடைய அனுமானம். ஆஸ்திகர்கள் பலர் இன்றும் இதையே விடையாகச் சொல்லி மகிழ்கிறார்கள். உடையவரோ ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் இதைத் தகர்த்துவிடுகிறார். உத்ஸவத்தில் ஓடும் திருத்தேரையே பார்க்கலாமே. மரவேலை தச்சருடையது, இரும்பு வேலை கொல்லருடையது, தேர்ச்சீலை தையற்காரர் கைவேலை. அனைத்தும் ஒரே நாளில் முடிந்தவையும் அல்ல. கண்ணால் கண்டதைக் கொண்டு ஊகித்தால் உலகுக்கும் கர்த்தாக்கள் பலர், காலமும் பல, அவர்களும் நம்மைப் போல் சரீரம் சுமந்தவர்கள் என்றன்றோ முடியும்? மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே ஆக்கப்பட்டன என்பது அனுமானத்தால் ஏறாது. புலனுக்கு எட்டாத பரம்பொருளுக்கு சாஸ்த்ரம் ஒன்றே ப்ரமாணம். அந்த சாஸ்த்ரத்தின் பொருளை முரணின்றித் தெளிவதே யுக்தியின் வேலை என்பது அவர் துணிவு. கல்லூரிப் பிள்ளை கேட்ட கேள்வியை அவனிலும் கூர்மையாகக் கேட்டவர் ஒருவர், யதிராஜராகவே வீற்றிருக்கிறார்! எதிர்த்தரப்பை இருவகைப் பூர்வபக்ஷங்களாக விரித்துரைத்து, பின்னரே தம் ஸித்தாந்தத்தைத் தொடங்கும் அவருடைய நேர்மையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இனி யாதவப்ரகாசர். சிஷ்யனிடம் தோற்றவர், அவனிடம் வன்மமும் பாராட்டியவர். வயது முதிர்ந்தபின், தாம் பற்றிநின்றது சரியா என்ற ஐயம் அவருக்கே எழுந்தது. உடையவரைச் சரணடையும்படி தாயார் தூண்டினார். அவரும் திருக்கச்சி நம்பிகள் வாயிலாகப் பெருமாள் திருவுள்ளத்தை அறியவே விரும்பினார். பின்பு தம்மிடம் பயின்றவரையே வலம்வந்து வணங்கி, த்ரிதண்டம் ஏற்று, கோவிந்த ஜீயர் என்னும் திருநாமம் பெற்றார். உடையவரின் நியமனப்படி அவர் இயற்றிய யதிதர்ம ஸமுச்சயம் என்னும் நூல் ஸந்யாஸிகளின் ஒழுக்கத்தைக் கூறுவது. அது இன்றளவும் கிடைக்கிறது.