கன்மதில் கட்டலும் பழுது பார்த்தலும்

நமது பழைய வித்தியாசாலைகள் பலவற்றிற்குச் சுண்ணாம்புக் கல்லாலாகிய மதிலும் கிணற்றுக்கட்டும் உள. அவற்றைக் கட்டினோர் இன்றில்லை. கட்டும் முறை அறிந்தோரும் அருகி வருகின்றனர். மதில் வெடித்தவழி, உபாத்தியாயர்களாகிய நாமே மேசனை அழைத்து, இன்னது செய்க என்று சொல்ல வேண்டியவர்களாகின்றோம். அறியாமையாற் பிழைபடச் சொல்வோமாயின், அதனால் வருந் தீங்கு மதிலோரத்தில் விளையாடும் பிள்ளைகளையே சாரும். ஆதலால் இப்பொருளை ஒரு பாடமாக எழுதத் துணிந்தோம். இத்துணிவிற்குக் காரணம் நமது புலமையன்று. நாம் செய்த ஒரு பிழையே.

மதில் விழுந்த வரலாறு

பல வருஷங்களுக்கு முன் நாம் கற்பித்த வித்தியாசாலை யொன்றின் முன்மதிலிலே அங்கங்கே சாந்து உதிர்ந்திருந்தது. ஆண்டுவிழா அணுகிற்று. மதில் அழகாகத் தோன்றவேண்டு மென்று கருதி, நாமே முன்னின்று பணஞ் சேர்த்து, இருபக்கமும் சீமெந்தாற் கனமாகப் பூசுவித்தோம். கண்டோர் யாவரும் புகழ்ந்தனர். மூன்று மாரி கழிந்தபின் பூச்சிலே மயிரிழைபோன்ற வெடிப்புக்கள் தோன்றின. அதன்பின், தட்டினால் வெற்றுக்குடம்போல ஒலித்தது. ஆறாம் மாரியில், ஓரிரவு பெருமழை பெய்தபொழுது, ஏறக்குறைய பன்னிரண்டடி நீளம் சரிந்து வீழ்ந்தது. பகலிலே பாலர் வகுப்புப் பிள்ளைகள் இருந்து சோறுண்ணும் நிழல் அவ்விடமே. இரவாயினமையால் ஒருவருக்கும் ஊறு நேர்ந்திலது.

வீழ்ந்த கற்களைப் பார்த்தற்கு வந்த முதிய மேசன் ஒருவர், ஒரு கல்லைக் கையிலெடுத்துப் பெருவிரலாற் சுரண்டினார். கல்லின் முகம் மாவாக உதிர்ந்தது. பூச்சோ இரும்புபோல உறுதியாயிருந்தது. அவர் நம்மை நோக்கி, “வாத்தியாரையா, நீரை உள்ளே விட்டு வாசலைச் சாத்திவிட்டீர்கள், அது வேறெங்கே போகும்?” என்றார். அவ்வொரு வினாவின் விரிவே இப்பாடம் என்க.

சுண்ணாம்பின் இயல்பு

நாம் மிஷன் பாடசாலையிலே இரசாயனங் கற்ற காலத்தில், சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் யாதாகும் என்பதனைச் சமன்பாடாக மனனஞ் செய்தோம். அச்சமன்பாடு நமது வீட்டு மதிலினுள்ளே நிகழ்வதென்று ஒருவரும் சொல்லிற்றிலர், நாமும் வினாவிற்றிலேம். அதனை இங்கே விளக்குவாம்.

சுண்ணாம்புக் கல்லும் முருகைக்கல்லும் பெரும்பாலுங் கல்சியங் காபனேற்றே. இதனைச் சூளையிலிட்டு ஏறக்குறைய 900 பாகை செல்சியசு வெப்பத்திற் சுட்டால், கரியமிலவாயு, அஃதாவது காபனீரொட்சைட்டு, நீங்கும். தூய கல் 100 இறாத்தல் சுட்டால், 44 இறாத்தல் வாயுவாய்ப் போக, 56 இறாத்தல் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதிலே நீர் விட்டால் மிகுந்த வெப்பத்தோடு கொதித்துப் பூத்து, நீற்றின சுண்ணாம்பாகும். அதனை மணலோடு குழைத்துச் சுவரிலிட்டால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு, மீண்டும் முன்போலக் கல்லாகும். கல்லாயிருந்தது நீறாகி, நீறாயிருந்தது கல்லாகின்றது.

இம்மாற்றம் புறத்திலிருந்து உள்நோக்கி மாதக்கணக்காக நிகழ்வது. ஈரம் முற்றாக வற்றினால் அது நின்றுவிடும். துளைகளெல்லாம் நீரால் நிரம்பினாலும் வாயு நுழைய வழியின்றித் தடைப்படும். ஆதலாற் சுண்ணாம்பு வேலைக்கு மிகுவெயிலும் ஆகாது, அடைமழையும் ஆகாது. யாழ்ப்பாணத்திலே ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வாடைமழை ஓய்ந்தபின், தை மாசி மாதங்களே இதற்கு ஏற்ற காலமாம்.

சீமெந்து இதனின் வேறுபட்டது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து ஏறக்குறைய 1,450 பாகையிற் சுட்டு அரைத்துப் பெறுவது அது. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே யோசேப் அஸ்ப்டின் என்பவர் போட்லண்ட் சீமெந்து என்னும் பெயராலே காப்புரிமை பெற்றார். நமது காங்கேசன்துறையிலும் 1950ஆம் ஆண்டு முதல் 1990ஆம் ஆண்டு வரை சீமெந்தாலை நடைபெற்றது. சீமெந்து நீரோடு சேர்ந்து விரைவில் இறுகும், மிக்க வலிமையுடையது, நீராவியை எளிதில் வெளிவிடாதது. சீமெந்து தீது என்பது நமது கருத்தன்று. கொங்கிறீற்று அத்திவாரத்திற்கும் தூணுக்கும் அது உரியதே. மென்மையான பழைய கல்லின்மேல் அதனை இடுதலே பிழை.

சாந்து கல்லினும் மெலிதாதல் வேண்டும்

வலிய சாந்து வலிய மதிலைத் தரும் என்றே பலருங் கருதுவர். நாமும் அங்ஙனமே கருதினோம். உண்மை அதற்கு மாறானது. வெளியிலே நிற்குங் கற்சுவரினுள் நீர் புகாதிருத்தல் அரிது. மேலிருந்து மழைநீரும், கீழிருந்து நிலத்தின் ஈரமும் புகும். புகுந்த நீர் எளிய வழியாலே வெளியேறும். சாந்து மெலிதாய்த் துளையுடையதாயின், நீர் மூட்டுக்களின் வழியே வந்து உலரும்; அதனோடு வந்த உப்பும் மூட்டிலே பூக்கும்; தேய்வது சாந்தே. இருபது முப்பது வருஷத்திற்கு ஒருமுறை சாந்தைப் புதுப்பித்தால், கல் நூற்றாண்டுகள் நிற்கும். சாந்து வலிதாய் அடர்ந்ததாயின், நீர் கல்லின் வழியே வெளியேற முயலும். உப்பு கல்லின் முகத்திற்கு உள்ளே பளிங்காகி விரிந்து, அம்முகத்தை உடைத்துத் தள்ளும். கடலாற் சூழப்பட்ட நமது நாட்டிலே காற்றிலும் மணலிலும் உப்புண்மையால், இத்தீமை மிகுதி.

இன்னுமொன்று. வெயிலாற் சுவர் விரிதலும் மழையாற் சுருங்குதலும், அத்திவாரஞ் சிறிது தாழ்தலும் இயல்பு. சுண்ணச்சாந்து அச்சிறு அசைவிற்கு இடங்கொடுக்கும். சீமெந்துச் சாந்து இடங்கொடாமையால், கல்லாவது மூட்டாவது வெடிக்கும். அவ்வெடிப்பினாற் பின்னும் நீர் புகும்.

நீருக்கு வழி விடுதல்

கன்மதிலுக்குப் பெரும்பகை நீரே. மழைநீர் சிறிது அமிலத்தன்மை யுடையதாதலாற் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கும். புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணறு நிலத்தடிக் கல் அங்ஙனங் கரைந்தமையால் உண்டாயதே. ஆகவே மதில் கட்டுவோன் முதலில் வினாவ வேண்டியது, நீர் எங்கே புகும், எங்கே போகும் என்பதாம்.

நமது நாட்டைப்போல ஈரமிக்க சாவகத்திலே இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டுளது. பொரோபுதூர் என்னும் பெரிய பௌத்த ஆலயம் ஒரு மண்மேட்டின்மேற் சாந்தின்றிக் கல்லடுக்கிக் கட்டப்பட்டது. 1907 முதல் 1911 வரை தியோடோர் வான் ஏர்ப் என்னும் ஒல்லாந்தர் அதனைத் திருத்தினார். ஆயினும் மேட்டினுட் புகுந்த மழைநீர் கீழ்ச்சுவர்களின் சிற்பங்களின் வழியே கசிந்துகொண்டிருந்தது, சுவர்களுஞ் சாய்ந்தன. பின்னர் யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையோடு 1975ஆம் ஆண்டு தொடங்கிப் பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட கற்களைக் கழற்றி, சுவர்களுக்குப் பின்னே வடிகால்களும் நீர்த்தடைகளும் அமைத்து, 1983ஆம் ஆண்டில் நிறைவு செய்தனர். முகத்தைத் திருத்தல் போதாது. நீரின் வழியைத் திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

கட்டும் முறை

1. மதிலின் அத்திவாரம் உறுதியான நிலத்தைத் தொடுதல் வேண்டும். மதிலடியில் மண்ணையாவது குப்பையையாவது குவித்தலாகாது.

2. படைபடையாக அமைந்த கல்லை, அது நிலத்திற் கிடந்தவாறே கிடையாக வைத்தல் வேண்டும். நிறுத்தி வைத்தால் படைகள் உரிந்து போம்.

3. மூட்டின்மேல் மூட்டு வரலாகாது. இடையிடையே இருபுறமும் எட்டும் நீண்ட கற்களைக் குறுக்கே வைத்தால், மதிலின் இருமுகமும் பிரியாது.

4. மதிலின் தலை சாய்வாயிருத்தல் வேண்டும். தலைக்கல் இருபுறமுஞ் சிறிது வெளியே நீண்டு, அதன் அடியில் ஒரு சால் வெட்டப்பட்டிருப்பின், நீர் சுவரில் வழியாது சொட்டி வீழும்.

5. ஒருபுறம் மண் தாங்கும் சுவராயின், அடியிலே நீர்வாய்கள் விட்டு, அவற்றின் பின்னே சிறுகல் நிரப்புதல் வேண்டும்.

6. மணல் உப்பற்றதாதல் வேண்டும். கடலோர மணலாயின் நன்னீராற் பலமுறை கழுவுக. சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்குமாகக் குழைக்க. எப்பொழுதும் ஈரமாயிருக்கும் இடத்திற்கு, மெலிதாகச் சுட்ட செங்கல்லின் பொடி சேர்த்தால், சாந்து ஈரத்திலும் இறுகும். பனங்கட்டி நீரும் கடுக்காய் நீரும் முன்னோர் சேர்த்தவையே. அளவறிந்த மேசன் இல்லாதவழி அவற்றை விடுதல் நலம்.

7. வைக்குமுன் கல்லை நனைக்க. உலர்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும்.

பழுது பார்க்கும் முறை

முதலிலே பழுதின் காரணத்தைக் காண்க. ஓட்டுநீர் மதிலில் விழுகின்றதா, தலைக்கல் வெடித்துளதா, ஆலோ அரசோ வேரூன்றியுளதா என ஆராய்க. காரணம் நீங்காது காரியம் நீங்காது. சிறு செடியை வேரோடு பிடுங்குக. தடித்த வேரை இழுத்தாற் கற்களும் உடன்வரும். ஆதலால் அடிமரத்தை வெட்டி, வேரை உலரவிட்டு, வேண்டிய கற்களைக் கழற்றியே எடுத்தல் வேண்டும்.

உதிர்ந்த மூட்டை உளியாலும் சிறு சுத்தியலாலும், மூட்டின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்திற்கு அகழ்க; ஓர் அங்குலத்திற் குறையலாகாது. மின்பொறியால் அறுத்தாற் கல்லின் ஓரம் சிதையும். தூசியைக் கழுவி, நனைத்து, சாந்தைச் சிறிது சிறிதாக உள்ளே அழுத்தி நிரப்புக. கல்லின் முகத்திலே சாந்தைப் பூசற்க. வேலை முடிந்தபின் நனைத்த சாக்காலும் கிடுகாலும் மூடி, ஒருவாரமேனும் வெயிலும் மழையும் படாது காக்க. பாசியை நீக்க அமிலம் இடற்க. அது கல்லையே உண்ணும். மெல்லிய தூரிகையும் நீரும் போதும்.

வீழ்ந்த கற்களை எறியாது மீண்டும் வைக்க. கடலினின்றும் முருகைக்கல் எடுத்தல் சட்டத்தால் விலக்கப்பட்டுளது. அஃது எடுக்கப்படின் கரையே அழியும்.

கற்களைப் பிணைக்க இரும்பு இடுதலும் ஆகாது. துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினன் கோயிலை முற்காலத்தார் கட்டியபோது, இரும்புப் பிணைப்புக்களை ஈயத்தால் மூடினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைத் திருத்தத் தொடங்கிய நிக்கோலாஸ் பலானோஸ் என்பவர் அங்ஙனம் மூடாது இட்டார், சலவைக்கற்கள் பிளந்தன. பின்வந்தோர் அவற்றைக் களைந்து, துருவேறாத தைத்தேனியம் இட்டு வருகின்றனர். கற்றறிந்தோர் செய்த திருத்தமும் கேடாதல் உண்டென்பதற்கு இது சான்று.

வகுப்பிற் செய்து காட்டத்தக்கவை

ஒன்று: வெற்றிலைச் சுண்ணாம்பை நீரிற் கலக்கித் தெளியவிட்டு, தெளிநீரை வேறொரு கண்ணாடிப் பாத்திரத்தில் வார்த்து, ஒரு குழாயால் மூச்சை ஊதுக. நீர் பால்போலாகும். அவ்வெண்மை மீண்டும் பிறந்த சுண்ணாம்புக் கல்லே. மதிலுள் நிகழ்வதும் இதுவே. ஊதுபவர் உபாத்தியாயரே ஆதல் நன்று, நீரை உறிஞ்சலாகாது.

இரண்டு: ஒரு பாத்திரம் நிறைய உலர்ந்த மணலிட்டு, மேலே பொங்காதபடி அளந்து நீர் வார்க்க. பாத்திரத்தின் மூன்றிலொரு பங்களவு நீர் மணலிடையே அடங்கும். அவ்விடைவெளியை நிரப்பற்கே மூன்று பங்கு மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு.

மூன்று: சுண்ணாம்புக் கல்லின்மேலும் கருங்கல்லின்மேலும் தேசிக்காய்ச் சாறு ஒவ்வொரு துளி இடுக. முன்னையதில் நுரை தோன்றும், பின்னையதிற் றோன்றாது.

சுட்ட சுண்ணாம்பை நீற்றுதலை மாத்திரம் பிள்ளைகள் முன் செய்யற்க. அது தெறித்தாற் கண் கெடும்.

மாணாக்கரை வினாவத்தக்கவை

சுண்ணச்சாந்து எவ்வாறு இறுகுகின்றது? சாந்து கல்லினும் மெலிதாயிருத்தல் வேண்டும் என்பது ஏன்? மதிலின் தலை ஏன் சாய்ந்திருத்தல் வேண்டும்? நமது மதிலிலே நீர் எங்கே புகுகின்றது, எங்கே போகின்றது?

இறுதி வினாவிற்கு விடை புத்தகத்தில் இல்லை. மாரி பெய்யும் ஒருநாளிலே, இடியும் மின்னலும் இல்லாதபொழுது, பிள்ளைகளை விறாந்தையில் நிறுத்தி, மதிலை நோக்கச் செய்க. நீர் வழியும் இடத்தையும் நிற்கும் இடத்தையும் அவர்களே சொல்வர். நாம் வீழ்ந்த மதிலை அம்முதியவரைக்கொண்டு சுண்ணச்சாந்தாலே மீளக் கட்டுவித்தோம். எஞ்சிய சீமெந்துப் பூச்சைக் கல்லுக்கு ஊறின்றி நீக்குதற்கு மாத்திரம் இரண்டு கோடை சென்றன. அம்மழைநாட் பாடத்தை முன்னரே நடத்தியிருப்பின், அச்செலவும் அச்சமும் வந்திரா.