தரவரிசை எண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் நம் குடும்பங்களில் எழும் கேள்வி, "அந்தக் கல்லூரி தரவரிசையில் எத்தனையாவது?" என்பதே. கல்விக் கடன் வாங்கிச் சேர்க்கும் முன், அந்த எண் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. பொறியியல் பிரிவில் மொத்தம் 100 புள்ளிகள். கற்பித்தலும் வசதிகளும் 30. ஆராய்ச்சியும் தொழில்முறைப் பணிகளும் 30. தேர்ச்சி, வேலைவாய்ப்பு முதலிய பலன்கள் 20. பெண்கள், வெளிமாநிலத்தவர், ஏழை மாணவர் முதலியோருக்கு இடமளிப்பது 10. வெளியாரின் மதிப்பீடு 10.

ஆராய்ச்சியில் பலமான கல்லூரி இதில் மேலே ஏறிவிடும். பி.இ. படிக்கும் பிள்ளைக்கோ வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியரே முக்கியம். கர்டர்களின் சராசரியைப் பார்த்துப் பாலத்தின் வலிமையை நாங்கள் முடிவு செய்ததில்லை, ஒவ்வொன்றாகத்தான் சோதிப்போம். இதுவும் அப்படியே.

கல்லூரிகள் தாமே கொடுத்த விவரங்கள் அதே இணையதளத்தில் உள்ளன. அவற்றில் கவனிக்க வேண்டியவை:

1. சேர்ந்தவர்களில் உரிய காலத்தில் பட்டம் பெற்றவர், வேலை பெற்றவர், மேற்படிப்புக்குச் சென்றவர் எத்தனை பேர்?

2. இடைநிலைச் சம்பளம். வேலை கிடைத்தவர்களின் சம்பளங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது இது. வேலை கிடைக்காதவர் இதில் சேரவில்லை. 100 பேரில் 30 பேருக்கே வேலை என்றால், அந்தத் தொகை அந்த 30 பேரைப் பற்றியது மட்டுமே.

3. வெளிமாநில மாணவர் எத்தனை பேர்? நம் பிள்ளைக்குத் துணை இருக்குமா என்பது இதில் தெரியும்.

தரவரிசை கல்லூரி முழுமைக்கும் உரியது. என்.பி.ஏ. அங்கீகாரம் பாடப்பிரிவுவாரியாகத் தரப்படுவது. சேரும் பிரிவுக்கு அது உண்டா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு செய்தி. என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு. அங்கே சொந்த மாநிலம் என்பது பூர்வீகம் அல்ல; பன்னிரண்டாம் வகுப்பு தேறிய மாநிலம். நாக்பூரில் தேறிய தமிழ்ப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு நாக்பூர் என்.ஐ.டி.யில்தான், திருச்சியில் அவர் வெளிமாநிலத்தவர். சென்ற ஆண்டுகளில் எந்த நுழைவுத்தேர்வு ரேங்க் வரை இடம் கிடைத்தது என்று பார்க்கும்போது, உங்களுக்குரிய ஒதுக்கீட்டைப் பாருங்கள்.

மூன்று கல்லூரிகளை ஒரு தாளில் எழுதி, எதிரே இந்த விவரங்களைக் குறியுங்கள். பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுகள் அங்கே படிக்கப்போவது அவர்தானே!