பொது டிஸ்க் இல்லாமல் மின்னஞ்சல் சர்வருக்கு மாற்று ஏற்பாடு

2021ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி மாலை, கொல்கத்தா ஸ்ட்ராண்ட் ரோடில் உள்ள ரயில்வேயின் நியூ கொய்லாகாட் கட்டடத்தில் 13ஆவது மாடியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் உள்பட 9 பேர் உயிரிழந்தனர். அந்த இழப்புக்கு ஈடே கிடையாது. அதே கட்டடத்தில்தான் கிழக்குப் பகுதிக்கான பயணச்சீட்டு முன்பதிவுக் கணிப்பொறிகளும் இருந்தன. மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அவை நின்றன, முன்பதிவு முடங்கியது.

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு சேவை நிற்பதற்குக் கணிப்பொறி எரிய வேண்டியதில்லை. அது இருக்கும் கட்டடத்துக்குள் மனிதர் நுழைய முடியாமற்போனாலே போதும். 2020 மே 20 அன்று வந்த அம்பன் புயலுக்குப் பின் நம் நகரின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது.

பள்ளிக்கூடம், அறக்கட்டளை, ஏற்றுமதி அலுவலகம் என்று சொந்த மின்னஞ்சல் சர்வர் வைத்திருப்போர் நம்மிடையே உண்டு. மாணவர் சேர்க்கை, ஒப்பந்தம், ஓய்வூதியக் கடிதம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அதற்கு மாற்று ஏற்பாடு செய்வது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

பொது டிஸ்க் ஏன் போதாது?

முற்காலத்தில் இரண்டு சர்வர்களை வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க் பெட்டியை இணைப்பார்கள். ஒரு சர்வர் பழுதானால் மற்றது அதே டிஸ்கை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடரும். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் 2003 வரை இதுவே வழக்கம். சர்வர் பழுதுக்கு இது நல்ல மருந்து. கட்டடத்துக்கு ஆபத்து வந்தால் பயனில்லை. இரண்டு எஞ்சின் இருந்து பாலம் ஒன்றே என்றால், பாலம் உடைந்ததும் இரண்டும் நிற்கத்தானே வேண்டும்? தவிர, அந்தப் பெட்டியின் விலையும் அதிகம்.

எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் வேறு முறை வந்தது. ஒவ்வொரு சர்வருக்கும் தன் சொந்த டிஸ்க். இரண்டுக்கும் நடுவே கம்பி மட்டும். எக்ஸ்சேஞ்ச் 2010இல் இது மேலும் வளர்ந்து, ஒரே குழுவில் 16 சர்வர் வரை சேர்க்க வழி ஏற்பட்டது. லினக்ஸ் சர்வர்களிலும் இதே தத்துவத்தில் பல ஏற்பாடுகள் உள்ளன.

நகல் எப்படிப் போகிறது?

ஸ்டேஷனில் ஒவ்வொரு வண்டியின் வரவும் போக்கும் நேரப்படி பதிவேட்டில் எழுதப்படும். அதுபோல் மின்னஞ்சல் சர்வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறது. எக்ஸ்சேஞ்ச் 2007 முதல் இந்தக் குறிப்பேட்டின் ஒவ்வொரு ஏடும் 1 எம்.பி. அளவு. ஏடு நிரம்பியதும் அது இரண்டாவது சர்வருக்கு அனுப்பப்படுகிறது. அங்கே அதே வரிசையில் படித்து, அதே மாற்றங்களைத் தன் டிஸ்கில் செய்துகொள்கிறது. முழுப் பெட்டியையும் தினமும் நகலெடுக்க வேண்டியதில்லை.

இதற்கு எவ்வளவு பெரிய லைன் வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். 100 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 50 கடிதம், சராசரி 100 கே.பி. என்றால் நாளைக்கு 500 எம்.பி. பத்து மணி நேரத்தில் பரவினால், வினாடிக்கு 0.11 மெகாபிட்தான். நெருக்கடி நேரத்தில் பத்து மடங்கு ஆனாலும் 1.1 மெகாபிட். 10 மெகாபிட் லைன் தாராளம்.

ஆனால் முதல் நகல் வேறு கதை. ஆளுக்கு 5 ஜி.பி. பழைய கடிதம் என்றால் மொத்தம் 500 ஜி.பி.; அதே லைனில் அனுப்ப நாலரை நாளுக்கு மேல் ஆகும். டிஸ்கில் நகலெடுத்து, ரகசியப் பூட்டுப் போட்டு, ஹௌராவில் சென்னை மெயில் ஏறும் ஒருவர் கையில் கொடுத்தால் அதைவிடச் சீக்கிரம் சென்னை போய்ச் சேரும்!

இரண்டாவது சர்வர் எங்கே இருக்க வேண்டும்? பி.பா.தி. பாக்கில் ஒன்று, சால்ட் லேக்கில் ஒன்று என்றால் தீக்குத் தப்பலாம். புயலுக்குத் தப்ப முடியாது. ஆகவே வேறு நகரமே நல்லது. தூரம் கூடினால் நகல் சற்றுப் பின்தங்கும். கடைசியில் நிரம்பாமல் நின்ற ஏட்டில் உள்ள சில கடிதங்கள் இழக்கப்படலாம். எவ்வளவு இழப்பைத் தாங்கலாம், எத்தனை மணி நேரம் நின்றால் பரவாயில்லை என்று நிர்வாகம் முன்னதாகவே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் கடிதங்கள்

இங்கே மின்னஞ்சல் முறையே நமக்கு உதவுகிறது. பெறும் சர்வர் பதில் தராவிட்டால், அனுப்பும் சர்வர் கடிதத்தை உடனே எறிந்துவிடாது. மறுபடி மறுபடி முயலும். 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 என்ற விதித்தொகுப்பு, 4, 5 நாளாவது முயல வேண்டும் என்கிறது. ஆகவே சில மணி நேரத் தடங்கலில் புதுக் கடிதம் தொலைவது அபூர்வம்.

உங்கள் பெயருக்குரிய கடிதங்கள் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பதை எம்.எக்ஸ். பதிவு சொல்கிறது. அதில் இரண்டு சர்வர்களையும் எழுதி, முதலாவதற்கு 10, இரண்டாவதற்கு 20 என்று எண் கொடுக்கலாம். சிறிய எண்ணுக்கே முதலிடம். முறை மாறும் வரை இரண்டாவது சர்வர் வந்த கடிதங்களை வரிசையில் காத்திருக்க வைத்தால் போதும். பயனீட்டாளர்கள் பயன்படுத்தும் சர்வர் பெயரின் ஆயுட்காலத்தையும் 24 மணி நேரத்திலிருந்து 5 நிமிடமாக முன்கூட்டியே குறைத்து வையுங்கள். இல்லையேல் நீங்கள் மாற்றிய முகவரி மற்றவருக்குத் தெரிய ஒரு நாள் ஆகலாம்.

இரண்டு தலை ஆபத்து

இதுவரை சொன்னது எளிய பகுதி. நகல் எடுப்பது கஷ்டமில்லை. இப்போது அதிகாரம் யாரிடம் என்று தீர்மானிப்பதே கஷ்டம்.

கொல்கத்தா சர்வர் நலமாக இருக்கிறது. நடுவே கம்பி மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். சென்னை சர்வர், ‘அது இறந்துவிட்டது’ என்று எண்ணித் தானே பொறுப்பேற்கும். சில கடிதங்கள் இங்கே சேரும், சில அங்கே. பிறகு இரண்டையும் ஒன்றாக்குவது பெரும்பாடு.

ரயில்வே இந்தச் சிக்கலை ஒற்றைவழிப் பாதையில் எப்போதோ தீர்த்துவிட்டது. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் நீல்ஸ் பந்து டோக்கன் கருவிகள் இருக்கும். ஒரு பந்து வெளியே இருக்கும்வரை எந்த முனையிலும் இன்னொரு பந்து வெளிவராது. பந்து கையில் இல்லாத டிரைவர் வண்டியை அந்தப் பாதையில் விடமாட்டார். கருவிகளுக்கு இடையே கம்பி அறுந்தால் பந்தே வராது. அதாவது சந்தேகம் வந்தால் நிறுத்து என்பதே விதி. அதற்குப் பின் இரு ஸ்டேஷன் மாஸ்டர்களும் விசாரித்து, எழுத்து மூலம் அனுமதி தந்த பிறகே வண்டி நகரும்.

சர்வருக்கும் அதே விதிதான். மூன்றாவது இடத்தில் ஒரு சிறிய ‘சாட்சி’ கணிப்பொறியை வையுங்கள். அதில் கடிதம் எதுவும் இருக்க வேண்டாம். மூன்று பேரில் இருவரின் சம்மதம் உள்ள சர்வரே பொறுப்பில் இருக்கும். தனித்துப் போனது தானே ஒதுங்கும். சாட்சியைக் கொல்கத்தா சர்வரின் பக்கத்து அறையிலேயே வைத்தால் பயனில்லை. தீயில் இரண்டு ஓட்டும் ஒன்றாகப் போய்விடும். சிறிய அலுவலகத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு: தானாக மாறும் ஏற்பாடே வேண்டாம். பொறுப்புள்ள ஒருவர் தொலைபேசியில் விசாரித்து, பழைய சர்வர் நின்றுவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, கையால் மாற்றட்டும். அரை மணி தாமதமாகும், கடிதங்கள் குழம்பாது.

மறக்கக் கூடாதவை

1. மாற்று நகல் வேறு, பேக்கப் வேறு. ஒருவர் தவறாகக் கடிதங்களை அழித்தாலும், வைரஸ் கெடுத்தாலும், அந்த அழிவும் விசுவாசமாக நகலாகிவிடும். எக்ஸ்சேஞ்ச் 2010 முதல் ஒரு நகலை 14 நாள் வரை பின்தங்கி ஓடவிட வசதி உண்டு. அது இல்லாதவர்கள் வாராந்தர பேக்கப் எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றி, வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

2. கடவுச்சொற்கள், சான்றிதழ்கள், டொமைன் பதிவு விவரம் ஆகியவை காகிதத்தில், வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மீட்கும் முறையை மின்னஞ்சலிலேயே சேமித்து வைத்தால், வேண்டிய நேரத்தில் எங்கே போய்ப் படிப்பது?

3. பழைய சர்வர் சரியானதும் உடனே பொறுப்பைத் தராதீர்கள். விடுபட்ட ஏடுகளை அது வாங்கிப் படித்து முடிக்கட்டும்; பிறகு ஓர் ஞாயிறு இரவில் மாற்றுங்கள்.

4. ஒத்திகை! விபத்து நிவாரண ரயில் எப்போதும் தயாராக நிற்கிறது. ஆனாலும் ரயில்வே அதை ஒத்திகைக்கு அனுப்பிப் பார்க்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது முதல் சர்வரை நிறுத்தி, இரண்டாவதில் ஒரு நாள் முழுவதும் வேலை நடத்துங்கள். ஏற்பாட்டை அமைத்தவர் அன்று ஒதுங்கி நிற்க, இன்னொருவர் காகிதத்தைப் படித்தே செய்ய வேண்டும். ஆபத்து வரும் நாளில் அமைத்தவர் ஊரில் இருப்பார் என்பது என்ன நிச்சயம்?

இவ்வளவும் செய்தபின் ஒரு தாளில் மூன்றே வரி எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்: மாற்ற உத்தரவு தருபவர் யார், மாற்றுபவர் யார், கடைசியாக ஒத்திகை நடந்த தேதி என்ன. மூன்றாவது வரி காலியாக இருந்தால், உங்களிடம் இரண்டு சர்வர் இருக்கிறது. மாற்று ஏற்பாடு இன்னும் இல்லை.